நெட் கட்டாகிறது! - ஒரு பழுதின் வரலாறு

மாதக் கடைசி. வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய இன்னும் சில மணி நேரமே இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸில் எல்லாரும் பரபரப்பாக இருக்கும் நேரம் பார்த்து நெட் போய்விடும். யாராவது ஒருவர் எழுந்து போய் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார். வந்துவிடும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் போய்விடும். மறுபடியும் ஆஃப், மறுபடியும் ஆன். சாயங்காலத்துக்குள் எல்லாரும் எல்லாரையும் திட்டி முடித்திருப்பார்கள். "லைன் சரியில்லை" என்று ஆபீஸ் சொல்லும். "எங்கள் லைன் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் ரூட்டர்தான் சரியில்லை" என்று கம்பெனிக்காரர் சொல்வார். "போன வாரம் வாங்கிய ரூட்டர் சார் இது" என்று கடைக்காரர் சொல்வார்.

முழுதாகச் செத்துப்போன இணைப்பைச் சரி செய்வது சுலபம். விட்டு விட்டு வரும் இணைப்புதான் கஷ்டம். பார்க்கும்போது நன்றாக இருக்கும், பார்க்காதபோது போய்விடும். டாக்டரிடம் போனதும் காணாமல் போகிற வயிற்று வலி மாதிரி!

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. இணையம் பிறந்த அன்றைக்கே இதுவும் பிறந்துவிட்டது. இணைப்பு அறுந்தபோதெல்லாம் அதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாறு சுவாரஸ்யமானது. இன்றைக்கும் ஒரு ஆபீஸ் ரூட்டர் முன்னால் நிற்பவருக்கு உதவக்கூடியதும் கூட.

முதல் செய்தி, முதல் பழுது

1969 அக்டோபர் 29, இரவு 10.30 மணி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி க்லைன் என்ற மாணவர் ஒரு டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பேராசிரியர் லெனார்ட் க்ளெய்ன்ராக்கின் ஆய்வுக்கூடம் அது. சில நூறு கிலோமீட்டர் வடக்கே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பில் டுவால் என்பவர் இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார். இருவரும் தொலைபேசியிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

க்லைன் அடிக்க வேண்டிய வார்த்தை "லாகின்". 'எல்' அடித்தார், போய்ச் சேர்ந்தது. 'ஓ' அடித்தார், அதுவும் சேர்ந்தது. 'ஜி' அடித்ததும் ஸ்டான்ஃபோர்டு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆக, பிற்கால இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் போன முதல் செய்தி வெறும் இரண்டு எழுத்து!

ஏன் படுத்தது? ஸ்டான்ஃபோர்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கொஞ்சம் புத்திசாலி. 'எல்.ஓ.ஜி.' என்று பார்த்ததுமே "ஓ, லாகின் என்கிறாயா?" என்று மீதி எழுத்துக்களைத் தானே நிரப்பி மொத்தமாகத் திருப்பி அனுப்பப் பார்த்தது. ஆனால் அனுப்புவதற்கு ஒதுக்கியிருந்த இடம் ஒரு நேரத்தில் ஒரு எழுத்துக்கு மட்டும்தான். இடம் போதவில்லை, நிலைகுலைந்தது. டுவால் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லாகின் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கம்பியில் எந்தக் கோளாறும் இல்லை. நடுவில் இருந்த பெட்டியிலும் கோளாறு இல்லை. பழுது ஒரு முனையில் இருந்த மென்பொருளில். டுவால் அதைக் கண்டுபிடித்ததற்குக் காரணம், எந்த எழுத்து வரைக்கும் வந்தது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததுதான். எதுவரை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், எங்கே கெட்டது என்பது தானே தெரிந்துவிடும். அடுத்து வந்த ஐம்பது ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்ட கருவிகள் பலவும் இந்த ஒரே யோசனையின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

போன் கம்பெனி நம்பவில்லை

அன்றைக்கு நடுவில் இருந்த பெட்டிக்குப் பெயர் ஐ.எம்.பி. இன்றைய ரூட்டரின் தாத்தா என்று சொல்லலாம். கேம்பிரிட்ஜ் (மாசசூசெட்ஸ்) நகரில் இருந்த போல்ட் பெரானெக் அண்ட் நியூமன், சுருக்கமாக பி.பி.என்., என்ற நிறுவனம் ஹனிவெல் கம்ப்யூட்டர் ஒன்றை மாற்றி அமைத்து இதைச் செய்தது. எடை 400 கிலோவுக்கு மேல். இன்றைய ரூட்டரை ஒரு கையால் தூக்கி மேஜை மேல் வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஐ.எம்.பி.க்களை இணைத்தவை தொலைபேசி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கம்பிகள். வேகம் விநாடிக்கு 50 கிலோபிட். கம்பி ஒருவருடையது, பெட்டி இன்னொருவருடையது, இரண்டு முனையிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் மூன்றாமவருடையவை. பழுது வந்தால் யார் பொறுப்பு? இன்றைய ஆபீஸ் சண்டையின் முதல் பதிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

பி.பி.என். இதற்கு ஒரு நல்ல வழி செய்தது. ஒவ்வொரு ஐ.எம்.பி.யும் தன் நிலவரத்தையும் தன்னுடன் இணைந்த கம்பிகளின் நிலவரத்தையும் தானாகவே தலைமையிடத்துக்கு அறிக்கையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கேம்பிரிட்ஜில் ஒரு கட்டுப்பாட்டு மையம் அமைத்து அவற்றைத் தொடர்ந்து கவனித்தார்கள். அலெக்ஸ் மெக்கென்சி என்பவர் அந்த மையத்தை நடத்தினார்.

அதோடு இன்னொரு வசதியும் இருந்தது. கம்பியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வளைத்து, அனுப்பியது அனுப்பியவரிடமே திரும்பி வருமாறு செய்யலாம். முதலில் பக்கத்தில் உள்ள மோடத்தில் வளைக்க வேண்டும். அனுப்பியது ஒழுங்காகத் திரும்பினால் இந்தப் பக்கத்துப் பெட்டி நல்லது. அடுத்து அந்தப் பக்கத்து மோடத்தில் வளைக்க வேண்டும். இப்போது திரும்பவில்லை என்றால் நடுவில் உள்ள கம்பியில்தான் கோளாறு. எவ்வளவு எளிமையான தர்க்கம் பாருங்கள்!

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. நாட்டின் மறுகோடியில் உள்ள கம்பி பழுதாகியிருக்கிறது என்று கேம்பிரிட்ஜிலிருந்து தொலைபேசி நிறுவனத்துக்குப் புகார் போகும். "அவ்வளவு தூரத்தில் உள்ள கம்பி கெட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர்கள் சந்தேகப்படுவார்கள். கம்பியின் சொந்தக்காரருக்கு முன்பே வாடகைக்காரருக்குத் தெரிந்துவிடுவதை அவர்களால் நம்ப முடியவில்லை. ஆனால் கையில் ஆதாரம் இருந்ததால் சண்டை நீளவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஆதாரம் இருக்கும் இடத்தில் பழி சுமத்துவதற்கு வேலை குறைவு.

எல்லாரும் ஒரே பக்கம் போனால்?

1970களில் ஒருமுறை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஐ.எம்.பி.யின் நினைவகம் பழுதானது. ஐ.எம்.பி.க்கள் ஒன்றுக்கொன்று "இந்த ஊருக்கு என் வழியாகப் போனால் இவ்வளவு தூரம்" என்று சொல்லிக்கொள்ளும். பழுதான ஹார்வர்ட் பெட்டி எல்லா ஊருக்கும் பூஜ்யம் தூரம் என்று சொல்ல ஆரம்பித்தது. பூஜ்யத்தை விடக் குறுக்கு வழி உண்டா? மற்ற பெட்டிகள் தங்கள் பொட்டலங்களை எல்லாம் ஹார்வர்டுக்கு அனுப்பின. போனவை திரும்பவில்லை.

மற்ற ஊர்களில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது "நெட் வேலை செய்யவில்லை" என்பது மட்டும்தான். அவர்கள் பெட்டி நன்றாக இருந்தது, கம்பி நன்றாக இருந்தது. வலி ஓரிடம், காயம் வேறிடம்.

1980: ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்பாத நெட்

1980 அக்டோபர் 27 அன்று நடந்ததுதான் இந்த வரலாற்றில் மிகவும் முக்கியமானது. அன்று ஆர்பாநெட் முழுவதுமே பல மணி நேரம் செயலிழந்தது. பி.பி.என்.னில் இருந்த எரிக் ரோசன் மறுவருடம் இதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார். ஆர்.எஃப்.சி. 789 என்ற எண் கொண்ட அந்த ஆவணம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு துப்பறியும் கதைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

தெரிந்த அறிகுறிகளில் ஒன்று, பெட்டிகள் தங்கள் கம்பிகள் எல்லாம் "அறுந்தன" என்று காட்டியது. ஆனால் எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் எப்படி அறும்? உண்மையில் எதுவும் அறவில்லை. "இருக்கிறாயா?" "இருக்கிறேன்" என்று பெட்டிகள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும். அந்தப் பதிலைச் சொல்லக்கூட நேரமில்லாத அளவுக்குப் பெட்டிகள் வேறொரு வேலையில் மூழ்கிக் கிடந்தன. பதில் வராததால் கம்பி அறுந்ததாகப் பக்கத்துப் பெட்டி முடிவு செய்துவிட்டது.

அந்த வேறொரு வேலை என்ன? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

ஒவ்வொரு பெட்டியும் தன் நிலவரத்தை மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் அறிவிக்கும். எது புதிய அறிவிப்பு, எது பழையது என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். எண்ணுக்கு 6 பிட் இடம் மட்டுமே, எனவே 0 முதல் 63 வரை. 63-க்குப் பிறகு மறுபடியும் 0. கடிகாரத்தில் 12-க்குப் பிறகு 1 வருவது போல.

கடிகாரத்தில் 11 பெரிதா, 1 பெரிதா? 11 மணிக்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் 1 வந்துவிடும், எனவே 1 தான் "பிந்தையது" என்போம். அதே போலத்தான் இங்கேயும். வட்டத்தில் பாதிக்குள், அதாவது 32-க்குள், எது முன்னால் இருக்கிறதோ அதுவே புதியது என்று விதி.

இப்போது கதைக்கு வருவோம். 50 என்ற எண் கொண்ட ஐ.எம்.பி.யின் அறிவிப்பு ஒன்று 44 என்ற வரிசை எண்ணுடன் இருந்தது. பழுதான வன்பொருள் ஒன்றில் சிக்கி அந்த எண்ணின் பிட்கள் உதிர்ந்தன. இரும எண்ணில் 44 என்பது 101100. ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொரு பிட்டும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. ஆக ஒரே அறிவிப்புக்கு 8, 40, 44 என்று மூன்று பிரதிகள் சுற்ற ஆரம்பித்தன.

விதிப்படி பாருங்கள். 40 என்பது 8-ஐ விடச் சரியாக 32 முன்னால், எனவே 40 புதியது. 44 என்பது 40-ஐ விட 4 முன்னால், எனவே 44 புதியது. 44-லிருந்து வட்டத்தைச் சுற்றி 8-க்கு வர 28 அடிதான், எனவே 44-ஐ விட 8 புதியது! மூன்றில் ஒவ்வொன்றும் இன்னொன்றை விடப் புதியது. ராஜா, ராணி, மந்திரி மூவரும் ஒருவரை ஒருவர் ஜெயித்துக்கொண்டே இருக்கும் முடிவில்லாத சீட்டாட்டம்.

ஒவ்வொரு பெட்டியும் 8 வந்ததும் "புதிய செய்தி" என்று ஏற்று எல்லாருக்கும் அனுப்பியது. அடுத்து 40 வந்தது, ஏற்று அனுப்பியது. அடுத்து 44. அடுத்து மறுபடியும் 8. அறிவிப்புகளுக்கு மற்ற எல்லா வேலையையும் விட முன்னுரிமை என்பதால் உண்மையான பயனாளர்களின் பொட்டலங்களுக்கு இடமே இல்லை. பழைய அறிவிப்புகள் வயதாகித் தானாகச் சாக வேண்டும் என்றும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஆனால் ஒரு பெட்டியில் கொஞ்ச நேரமாவது தங்கினால்தான் வயது ஏறும். இவை தங்கவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தன. எனவே சாகவும் இல்லை.

இப்போது ஒரு பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! எழுந்த அடுத்த நொடியே பக்கத்துப் பெட்டி அதே மூன்று அறிவிப்புகளையும் அதன் தலையில் கொட்டிவிடும். வீட்டில் ஒருவருக்குக் கண்வலி என்றால் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை அல்லவா, அதுபோல.

கண்டுபிடித்தது எப்படி? ஒரு ஐ.எம்.பி.யின் நினைவகத்தில் இருந்ததை அழிக்காமல் அப்படியே பிரதி எடுத்துப் பார்த்தார்கள். வரிசையில் நின்றவை எல்லாம் 50-ஆம் பெட்டியின் அறிவிப்புகள். எண்கள் 8, 40, 44, 8, 40, 44. உண்மை வெளிவந்துவிட்டது. "50-லிருந்து வரும் அறிவிப்பு எதையும் கண்டுகொள்ளாதே" என்று ஒரு சின்ன ஒட்டு மென்பொருளை எழுதி ஏற்றினார்கள். நெட் மூச்சு விட்டது.

அவசரப்பட்டு எல்லாப் பெட்டியையும் அணைத்து ஏற்றியிருந்தால் நெட் ஒருவேளை அன்றைக்கு வந்திருக்கும். ஆனால் ஏன் போனது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு நாள் இன்னொரு பிட் உதிரும்போது மறுபடியும் போயிருக்கும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கலாம். வேலை நடக்கும். ஆனால் தவறு உள்ளேயேதான் இருக்கிறது. ரூட்டர் ரீஸ்டார்ட்டும் ஒரு சஸ்பென்ஸ் கணக்குதான்.

ஒரே ராத்திரியில் பிறந்த பிங்

1983-ல் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக் மூஸ் என்ற புரோகிராமர் வேலை பார்த்தார். அந்த டிசம்பரில் அவர் இடத்து நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொண்டது. சில மாதங்களுக்கு முன் டேவ் மில்ஸ் என்ற நிபுணர் ஒரு கூட்டத்தில் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. "எதிரொலி" கேட்கும் பொட்டலம் ஒன்றை அனுப்பி, அது திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் வழியின் நிலை தெரியும் என்பதே அது. அந்த எதிரொலிப் பொட்டலத்துக்கான விதி 1981-லேயே ஆர்.எஃப்.சி. 792-ல் எழுதப்பட்டிருந்தது.

மூஸ் உட்கார்ந்து ஒரே இரவில் புரோகிராமை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் சத்தத்தை வைத்து "பிங்" என்று பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதி முடிப்பதற்குள் நெட்வொர்க் கோளாறு சரி செய்யப்பட்டுவிட்டது! எந்தப் பழுதுக்காக எழுதினாரோ அந்தப் பழுதின் மேல் பிங் ஒருமுறை கூட ஓடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உலகில் உள்ள கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஓடியது.

மூஸ் தனக்கு மிகவும் பிடித்த பிங் கதை என்று ஒன்றைச் சொல்வார். ஒரு ஆபீஸில் ஈதர்நெட் விட்டு விட்டு அறுந்துகொண்டிருந்தது. அன்றைய ஈதர்நெட்டில் ஒரே கேபிள் கட்டிடம் முழுக்க ஓடும், எல்லாக் கம்ப்யூட்டரும் அதிலேயே கோர்க்கப்பட்டிருக்கும். சீரியல் பல்பு மாதிரி, ஒரு இணைப்பு லூசானால் எல்லாருக்கும் போச்சு. எந்த இணைப்பு என்று எப்படித் தேடுவது? அந்த நிர்வாகி பிங் புரோகிராமைக் குரல் எழுப்பும் புரோகிராமுடன் இணைத்தார். பதில் வரும் ஒவ்வொரு முறையும் ஆபீஸ் ஸ்டீரியோவில் "பிங்... பிங்... பிங்..." என்று உரத்த சத்தம். அவர் கட்டிடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டரையும் ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அதுதான் குற்றவாளி!

விட்டு விட்டு வரும் பழுதைப் பிடிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. பழுது வரும்வரை அவர் சும்மா காத்திருக்கவில்லை. தானே ஆட்டி அதை வரவழைத்தார். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். மூஸ் 2000 நவம்பரில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். பிங் இன்னும் இருக்கிறது.

பழுதே இல்லாத பழுது

1986 அக்டோபரில் இன்னொரு அதிர்ச்சி. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம். நடந்து போனால் ஐந்து நிமிடம். இரண்டுக்கும் இடையே இருந்த வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்!

வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இதைத் துருவினார். கம்பி அறவில்லை. பெட்டி கெடவில்லை. பிட் எதுவும் உதிரவில்லை. பின் என்ன? கூட்டம்தான். பொட்டலம் போய்ச் சேரவில்லை என்றால் கம்ப்யூட்டர் அதை மறுபடியும் அனுப்பும். வழியில் நெரிசல் என்பதால் சேரவில்லை, சேரவில்லை என்பதால் மறுபடி அனுப்புகிறது, மறுபடி அனுப்புவதால் நெரிசல் கூடுகிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவரும் "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னும் இரண்டு பேரை வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும், அதுதான் ஆனது. ஜான் நேகிள் என்பவர் 1984-லேயே இப்படி ஒரு நெரிசல் சரிவு வரும் என்று எழுதி எச்சரித்திருந்தார்.

ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட தீர்வு எளிமையானது. மெதுவாக ஆரம்பி. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் வேகம் கூட்டு. ஒரு பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறை. இணையம் பிழைத்தது.

அதே ஜேக்கப்சன்தான் டிரேஸ்ரூட் கருவியையும் எழுதினார். ஸ்டீவ் டீரிங் சொன்ன யோசனை அது. ஒவ்வொரு பொட்டலத்திலும் "இத்தனை ரூட்டரைத் தாண்டினால் செத்துவிடு" என்று ஒரு எண் உண்டு. செத்த இடத்து ரூட்டர் "உன் பொட்டலம் என்னிடம் இறந்தது" என்று தகவல் அனுப்பும். எண்ணை வேண்டுமென்றே 1 என்று வைத்தால் முதல் ரூட்டர் பதில் சொல்லும். 2 என்றால் இரண்டாவது. இப்படியே ஒவ்வொரு படியாகப் போனால் வழி முழுக்கத் தெரியும், எந்தப் படியில் பேச்சு நிற்கிறது என்றும் தெரியும். கம்பியை வளைத்துப் பார்த்த பழைய தந்திரம் புது வடிவத்தில்!

மறுபடியும் நெரிசல்

கதை முடிந்ததா என்றால் இல்லை. 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்பவர் தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்பும்போது நெட் கிட்டத்தட்ட செத்துவிடுவதைக் கவனித்தார். கட்டாகவில்லை, ஆனால் பிங் பதில் வர ஒரு விநாடிக்கும் மேலாகிறது. மற்றவர்கள் ரூட்டரைத் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். கெட்டிஸ் அளந்து பார்த்தார்.

காரணம் விநோதமானது. நினைவகச் சில்லுகள் மலிவாகிவிட்டதால் பெட்டி செய்பவர்கள் பொட்டலங்கள் காத்திருக்கும் இடத்தைத் தாராளமாகப் பெரிதாக்கிவிட்டார்கள். பொட்டலம் தொலையவே கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் ஜேக்கப்சனின் தீர்வு, பொட்டலம் தொலைவதைப் பார்த்துத்தானே வேகத்தைக் குறைக்கிறது? எதுவும் தொலையாததால் யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது. ஒருவர் பெரிய ஃபைல் ஏற்றினால் மற்ற எல்லாருக்கும் நெட் கட்டானது போலத் தோன்றும்.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார் கெட்டிஸ். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் சேர்ந்து கோடெல் என்ற தீர்வைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார் என்பதே அதன் சாரம். காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேல் தொடர்ந்து நீடித்தால் சில பொட்டலங்களைத் தள்ளிவிடும். ஒன்றிரண்டைத் தொலைப்பதுதான் எல்லாரையும் காப்பாற்றும் வழி!

ஆபீஸ் ரூட்டருக்கு வரலாறு சொல்லும் பாடம்

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் அடிக்கடி கட்டாகும் ரூட்டரை எப்படி அணுகுவது?

1. முதலில் கையை ரீஸ்டார்ட் பட்டனிலிருந்து எடுக்க வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, மணி என்ன என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். ரூட்டருக்குள் இருக்கும் லாக் பதிவையும் பார்க்க வேண்டும். பல ரூட்டர்களில் ரீஸ்டார்ட் செய்ததும் அது அழிந்துவிடும். 1980-ல் நினைவகப் பிரதி செய்த வேலையை இங்கே இந்தத் தாள் செய்யும்.

2. பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். முதலில் ரூட்டரின் முகவரிக்கே பிங் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1). பதில் விட்டு விட்டு வந்தால் பழுது ஆபீஸுக்குள்ளேயே - கேபிள், வைஃபை அல்லது ரூட்டர். அது ஒழுங்காக வந்தால் வெளியே 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்கு பிங். அதுவும் வந்து, இணையதளத்தின் பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் பழுது பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ்.ஸில். கம்பி நல்ல கம்பிதான்.

3. வைஃபையைச் சந்தேகிக்கும் முன் ஒரு கம்ப்யூட்டரைக் கேபிள் வழியாக நேரே ரூட்டரில் இணைத்துப் பார்க்க வேண்டும். கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் போனால் லைன்மேனைத் திட்டிப் பயனில்லை.

4. பிங்கை ஓடவிட்டு ஒவ்வொரு கேபிளாக, ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்க்க வேண்டும். அடாப்டரின் பின்னையும் சேர்த்து. 2000களின் தொடக்கத்தில் மட்டமான மின்தேக்கிகள் ஏராளமான கருவிகளில் உப்பி வெடித்த வரலாறு உண்டு. விளக்கு எரிகிறது என்பதால் மின்சாரம் போதுமான அளவு வருகிறது என்று பொருளல்ல.

5. கட்டாகும் நேரத்தில் யாராவது பெரிய ஃபைல் ஏற்றுகிறார்களா, பேக்கப் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது மட்டும் பிங் நேரம் ஏறினால் அது பழுதல்ல, நெரிசல்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிள், அடாப்டர், ரூட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நெட் சரியாகலாம். எதனால் சரியானது என்பது தெரியாது.

இதையெல்லாம் செய்த பிறகு ரீஸ்டார்ட் செய்தால் தப்பில்லை. வேலை நடக்க வேண்டுமே!

பெரும்பாலான ஆபீஸ்களில் நெட் போனால் முதலில் திட்டு வாங்குபவர் அங்கே குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிஸ்டம் பையனோ, மழையில் கம்பம் ஏறும் லைன்மேனோதான். ஹார்வர்ட் பெட்டி பொய் சொன்னபோது மற்ற ஊர்ப் பெட்டிகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. பெர்க்லியில் நெட் படுத்தபோது யார் மேலும் தப்பில்லை. நேரம் குறித்த ஒரு தாளும், வரிசையாக எடுத்த நான்கு பிங் முடிவுகளும் கையில் இருந்தால், திட்டு வாங்க வேண்டியவர் யார் என்பது தெரியும். சில சமயம் யாருமே இல்லை என்பதும் தெரியும்.